வடிவாச்சியைத் தள்ளியது யார்?

‘ஜோதியில் கலந்தாள்’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் டீ டம்ளரை மேசையில் வைத்த வைப்பில் பாதி டீ எதிரே இருந்த ரகுநந்தனின் சட்டையில் போய் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. வருத்தமும் படவில்லை.

“யாரு கலந்தா? எதுல கலந்தா?” என்று கேட்டேன்.

“பேச்சி மேடம், கொஞ்சம் உட்காருங்க. பேசிக்கலாம்.”

“உட்கார்ந்துதான் இருக்கேன். நீங்க பேசுங்க.”

என் பெயர் பேச்சியம்மாள். பெயருக்கேற்ற வாய் என்று அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சென்னையில் ‘தொன்மணி’ என்கிற கம்பெனியில் கதை பொறுக்குவது எனக்கு வேலை. விசிட்டிங் கார்டில் ‘தேர்வாளர்’ என்று கௌரவமாகப் போட்டிருக்கும். ஊர் ஊராகப் போய்க் குலதெய்வக் கதை, கொடைப் பாட்டு, பேய்க் கதை எல்லாம் கேட்டு, எதைத் திரும்பச் சொல்லலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விட வேண்டும் என்று நான் எழுதியதை ஒருநாளும் யாரும் படித்ததில்லை. அது வேறு விஷயம்.

கம்பெனி விற்பது புத்தகமும் இல்லை, படமும் இல்லை. செவிமணி என்று ஒரு வில்லை. உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கதை உங்களுக்குள் இறங்கியிருக்கும். கேட்ட கதையாக இறங்காது. அத்தை மகள் கல்யாணத்துக்குப் போய் வந்தது எப்படி ஞாபகமிருக்கிறதோ, பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், பாயசம் தித்திப்பு குறைச்சல் என்பது வரைக்கும் எப்படித் தெரிகிறதோ, அப்படி இருக்கும். ஊரே பைத்தியமாகிவிட்டது. மளிகைக் கடைகளில் ஷாம்பு பாக்கெட் மாதிரி சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்றார்கள்.

நான் ஒட்டிக்கொள்வதில்லை. இருக்கிற ஞாபகங்களே எனக்குப் போதும் போதும் என்றிருக்கிறது.

‘மாவட்டத்துக்கு ஒரு பெண் தெய்வம்’ என்று கம்பெனி ஒரு வரிசை தொடங்கியது. எங்கள் பக்கத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தது சங்குவிளை வடிவாச்சி அம்மன் கதை. கடற்கரையோரச் சின்ன ஊர். மேலத்தெருக்காரர்களிடம் ஒரு சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. சிப்பியைக் கரியோடு அடுக்கி வேக வைக்கிற பெரிய வட்டச் சூளை. முதலாளி அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களுக்கு ஒரே தங்கை வடிவு. அவள் கீழத்தெருவிலிருந்து சிப்பி சுமந்து வருகிறவனை விரும்பினாள். அண்ணன்மார் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. “புதுச் சுண்ணாம்பு எப்பிடி வெந்திருக்குன்னு வந்து பாரு தங்கச்சி” என்று பாசமாகக் கூப்பிட்டுப் போய், எரிகிற காளவாசலில் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சூளையில் சுண்ணாம்பு வெள்ளையாக விழவில்லை. மேலத்தெருவில் தொட்டில் ஆடவில்லை. கடைசியில் கீழத்தெருப் பெண் ஒருத்தி மேல் அவள் இறங்கி வந்து கேள்வி கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கதையை நான் எடுத்தேன். கொலை செய்து சாமியாக்கிய கதை நம் பக்கத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. கொன்றவன் வம்சம் வருஷா வருஷம் வாயால் ஒத்துக்கொள்கிற கதை எத்தனை இருக்கிறது? சங்குவிளையில் இருந்தது. வருஷத் திருவிழாவான கொடை அன்று மத்தியானம், இடிந்த காளவாசல் முன்னால், கீழத்தெருச் சாமியாடி கேட்பாள்.

“என்னியத் தள்ளுனது யாரு?”

மேலத்தெருப் பெரிய வீட்டுத் தலைக்கட்டு சட்டையில்லாமல், ஈர வேட்டியோடு நின்று சொல்ல வேண்டும். “நாங்கதான் தாயி.”

“எதுக்குத் தள்ளுன?”

“மானம்னு நெனச்சோம் தாயி. அது மானமில்ல.”

“இன்னொருத்தியத் தள்ளுவியா?”

“தள்ள மாட்டோம் தாயி. உம் மேல சத்தியம்.”

அதற்குப் பிறகுதான் திருநீற்றுக்குப் பதிலாக ஈரச் சுண்ணாம்பை ஒரு பொட்டு எடுத்து அவன் உள்ளங்கையில் வைப்பாள். சுருக்கென்று எரியும். எரிகிற கையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதில் இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. மேலத்தெருவில் எந்தப் பெண்ணாவது வேறு தெருப் பையனை விரும்பினால் கொடை வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாள். அன்றைக்கு, அப்பன் கையில் சுண்ணாம்பு எரிந்துகொண்டிருக்கும்போது வந்து சொல்வாள். அப்போதுதான் சத்தியம் பண்ணியவன் என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு போவான். சிலர் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள், சிலர் பேரன் பிறந்ததும் வந்துவிடுவார்கள். ஆனால் வடிவுக்குப் பிறகு அந்த ஊரில் அப்படி ஒரு பெண் செத்ததில்லை.

இவ்வளவையும் விவரமாக எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த கதையில் வடிவு, அண்ணன்மார் படுகிற அவமானத்தைப் பார்க்கச் சகிக்காமல், பட்டுடுத்திப் பூ வைத்துக்கொண்டு, புன்னகையோடு தானாகவே காளவாசலுக்குள் நடந்து ஜோதியில் கலந்தாள். அண்ணன்மார் இரண்டு பேரும் கைகூப்பி அழுதார்கள்.

“எந்த நாய் எழுதுச்சு இதை?” என்றேன்.

ரகுநந்தன் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் இந்த வரிசைக்குத் தலைமை. கோபமே வராத மனிதர். கோபம் வராதவர்களை நான் நம்புவதில்லை. “தொழில்நுட்பக் காரணம் மேடம். ஷாகிரா, நீங்களே சொல்லுங்க” என்றார்.

ஷாகிரா செவிமணிக்குள் கதையை ஏற்றுகிற பொறியாளர். என் மகள் வயது. பொய் சொல்ல வராது, அதனால் அந்த அலுவலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

“ஞாபகம்னா யாரோட ஞாபகம்னு ஒண்ணு வேணும் அக்கா. சும்மா அந்தரத்துல நின்னு பாக்க முடியாது. பொம்பளைங்களுக்கு வடிவாச்சி கண்ணால வெச்சோம். ஆம்பளைங்களுக்கு அண்ணன் கண்ணால. நீங்க எழுதுனபடியே முதல்ல பண்ணிப் பாத்தோம். சோதனைக்கு வந்த ஒரு ஆளு, தங்கச்சியே இல்லாதவரு, நான் தங்கச்சியைக் கொன்னுட்டேன்னு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. ஒரு பொண்ணு அடுப்படிக்குள்ளயே போக மாட்டேங்குது.”

“சரி, அப்ப அந்த ஞாபகத்தை எடுத்துட வேண்டியதுதானே? அவங்களைச் சரி பண்ணுனீங்களா?”

“எடுக்க முடியாதுக்கா. அதுதான் இதுல சங்கடம். கேட்ட கதைன்னா, பொய்யுன்னு சொல்லித் தூக்கிப் போடலாம். ஞாபகத்தை அப்படிப் போட முடியாது. நீங்க நேத்து டீ குடிச்சீங்க. இல்லைன்னு நான் ஆயிரம் ஆதாரம் காட்டுனாலும் உங்களுக்குக் குடிச்ச ருசி இருக்கும்ல?”

“அப்ப இந்தக் கதையை விட்டுடுங்க” என்றேன் ரகுநந்தனிடம். “உங்க மிஷினுக்கு ஆகாத கதை இது. செரிக்காததைத் திங்கணும்னு யார் சொன்னா? நான் வேற கொடுத்திருக்கேன். மழையை அதட்டிக் கூட்டிட்டு வந்த மீன்காரி கதை இருக்கு. யாரும் சாகலை. அதை எடுங்க.”

“அதுல தீ இல்லையே மேடம்.”

“என்னது?”

“இதுல தீ இருக்கு. வெள்ளைச் சுண்ணாம்பு, கடல், அழகான பொண்ணு. மனசுல நிக்கும். நாம ஒரே ஒரு வரிதானே மாத்துறோம்? மீதியெல்லாம் நீங்க கொடுத்தபடியே இருக்கு.”

“அந்த ஒரு வரிக்காகத்தான்யா அந்த ஊர்ல கோயிலே இருக்கு!”

அவர் குரலை இன்னும் தணித்தார். “யோசிச்சுப் பாருங்க. தள்ளுனாங்கன்னு சொன்னா அந்தக் குடும்பத்துக்காரங்க புண்படுவாங்க. அவங்களும் நம்ம கஸ்டமர்தான். ஜோதில கலந்தான்னா யாருக்கு என்ன நஷ்டம்?”

“வெந்து செத்தவ புண்படலையா? அவளைக் கேட்டீங்களா? தமிழ்நாட்டுல எவனையாவது எவளையாவது எரிச்சுட்டா உடனே ஜோதியைக் கொண்டாந்துடுறீங்க. தள்ளுன கை எங்கய்யா போச்சு அந்த ஜோதில?”

அதற்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சேறாது. மேலதிகாரிகளுக்குப் போனேன். அவர்களுக்கும் மேலே போனேன். எல்லாரும் என்னை உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், என் உணர்வை மதிப்பதாகச் சொன்னார்கள். வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வடிவாச்சி வில்லை கடைக்கு வந்துவிட்டது. நன்றாகப் போகிறது, ஒரு புகார்கூட இல்லை என்று ரகுநந்தன் மெனக்கெட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். அந்த மனிதருக்கு நல்ல மனசு வேறு.

சங்குவிளைச் சாமியாடிக்குப் போன் போட்டேன். லிங்கக்கனி என்று பெயர். முப்பது வயசு தாண்டியவள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். கதை கேட்கப் போனபோது என்னை ஊரெல்லாம் ஏற்றிச் சுற்றியதும் அவள்தான்.

“லிங்கம், அந்த வில்லையை ஊர்ல யாரும் ஒட்டிக்க வேண்டாம்னு சொல்லுட்டி.”

“நல்ல நேரத்துல சொன்னிய போங்க! நம்ம ஊரு சாமி வில்லைல வந்திருக்குன்னு அடிபிடியா வாங்கி ஒட்டிக்கிட்டாவ. மேலத்தெரு, கீழத்தெரு ஒண்ணு பாக்கியில்ல. எங்க அம்மையே ஒட்டிட்டு, வடிவாச்சி பட்டுச்சேலை அரக்குக் கலருங்கா.”

“நீ?”

“நான் எதுக்கு ஒட்டுதேன்? அவ எம்மேல வாரவ. அவளைப் பத்தி எனக்கு வில்லை சொல்லணுமாக்கும்?” என்றவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “யக்கா, கொடைக்கு நீங்க வரணும். கட்டாயம் வரணும். நம்ம ஆவுடை இந்தக் கொடைக்குத்தான் சொல்லணும்னு இருக்கா.”

ஆவுடைச்செல்வி மேலத்தெருப் பெரிய வீட்டின் ஒரே மகள். டவுனில் ஸ்கேன் சென்டரில் வேலை. லிங்கக்கனியின் தம்பி தங்கதுரையும் அவளும் விரும்புகிறார்கள் என்பது கீழத்தெரு முழுக்கத் தெரியும், மேலத்தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய அப்பா சிவனணைந்த பெருமாள்தான் வருஷா வருஷம் காளவாசல் முன்னால் நின்று பதில் சொல்கிறவர். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

கொடை அன்று காலையில் நேராகப் பெரிய வீட்டுக்குத்தான் போனேன். சிவனணைந்த பெருமாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“யம்மா, நீங்க கும்பெனில சொல்லித்தான் எங்க ஆத்தா கதை வெளிய வந்துச்சாமே. பெரிய உபகாரம் பண்ணிட்டிய.”

“அண்ணாச்சி, அது நான் சொன்ன கதை இல்ல.”

“எங்கப்பா கொடை நெருங்குனாலே சோறு திங்க மாட்டாரு. பள்ளிக்கூடத்துல என்னிய என்னன்னு கூப்பிடுவானுவ தெரியுமா? தங்கச்சியக் கொன்னவன். அதுவே பேராப் போச்சு. எவன் எந்தக் காலத்துல பண்ணுனதுக்கோ நான் பேரு சுமந்தேன். இப்ப பாருங்க, அவ தானா நடந்து போறா. என்னியத் திரும்பிப் பாத்துச் சிரிக்கா. நான் கும்பிட்டு அழுதேன் யம்மா. இத்தன வருசமா சும்மா எங்களக் குத்தம் சொல்லிருக்காவ.”

“அண்ணாச்சி, அது சென்னைல ஏசி ரூம்ல நாலு பேரு உக்காந்து எழுதுனது. நடந்தது அது இல்ல. நீங்கதான் வருசா வருசம் சொல்லுவியளே, நாங்கதான்னு!”

“சொன்னேன். சொல்லச் சொன்னாவ, சொன்னேன். பாத்துட்டா சொன்னேன்?” என்றார். “காப்பி குடிக்கியளா?”

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு வந்திருப்பேன். அந்த மனிதரின் முகத்தில் அறுபது வருஷச் சுமையை இறக்கி வைத்த தெளிவு இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஆவுடை நின்றிருந்தாள். அவளைத் தனியாகக் கூட்டிப்போய், இந்த வருஷம் வேண்டாம், பேசாமல் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்விடுங்கள் என்றேன்.

“எங்கப்பாட்ட சொல்லாமலா? அவ முன்னாடி சொல்லணும்க்கா. அதான எங்க ஊரு வழக்கம்” என்றாள். எல்லாம் சரியாகத்தான் நடக்கும் என்று என்னைத் தேற்ற வேறு செய்தாள்.

மத்தியானம் மேளம் உச்சத்துக்குப் போயிற்று. கடல் காற்றையும் மீறி வெயில் பிளந்தது. இடிந்த காளவாசல் சுவருக்கு வெள்ளையடித்து அரளி மாலை போட்டிருந்தார்கள். கீழத்தெருக் கூட்டம் ஒருபக்கம், மேலத்தெருக் கூட்டம் ஒருபக்கம். நடுவில் லிங்கக்கனி. ஆட்டோவில் காக்கிச் சட்டையோடு பார்த்த பெண்ணா இவள் என்று இருந்தது. தலையை விரித்துப் போட்டு, சுண்ணாம்புச் சட்டியை இடது கையில் ஏந்தி, மூன்று சுற்றுச் சுற்றி வந்து ஈர வேட்டியோடு நின்ற சிவனணைந்த பெருமாள் முன்னால் நின்றாள்.

“என்னியத் தள்ளுனது யாரு?”

மேளம் நின்றது. அவர் கைகூப்பினார். முகம் நிறைய அன்பு.

“யாரும் தள்ளல தாயி. நீயாத்தான் போன.”

லிங்கக்கனியின் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. கேள்விக்கு இந்தப் பதிலை அந்த இடம் கேட்டதே இல்லை. அவள் கீழத்தெருப் பக்கம் திரும்பினாள். தன் சொந்தக்காரர்களைப் பார்த்து, குரல் உடைய, “ஏ மக்கா, நீங்க சொல்லுங்க. என்னியத் தள்ளுனது யாரு?” என்றாள்.

ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி, “நீதான தாயி சிரிச்சிக்கிட்டே போன” என்றார். அதற்குள் நாலைந்து பெண்கள், ஆமா, பட்டுச்சேலையில, ஆமா, பூ வைத்துக்கொண்டு என்று ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். அவளுக்காகப் பரம்பரையாக அழுத ஜனம் அது. நான் கூட்டத்திலிருந்து கத்தினேன். “பொய்! அத்தனையும் பொய்! தள்ளுனாங்க! போன வருசம் நீங்களே சொன்னீங்களே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியூர்க்காரி, விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்று ஒரு பெண் என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள்.

லிங்கக்கனி விடவில்லை. இரண்டாவது கேள்வியைத் தாண்டி மூன்றாவதற்குப் போனாள். “இன்னொருத்தியத் தள்ளுவியா? சத்தியம் பண்ணு!”

“தள்ளவே இல்லியே தாயி” என்றார் சிவனணைந்த பெருமாள் பணிவாக. “பண்ணாத தப்ப இனிமே பண்ண மாட்டேன்னு எப்பிடித் தாயி சத்தியம் பண்ணுதது?”

அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் சுண்ணாம்பு வைக்கவில்லை. வைக்க முடியாமல் சட்டியோடு நின்றாள். சாமி அவளை விட்டு இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கால் மடங்கி மணலில் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆவுடை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வராதேட்டி என்று நான் சொன்னது கூட்டத்து இரைச்சலைத் தாண்டிப் போய்ச் சேரவில்லை. அவள் வழக்கப்படி காளவாசலைக் கும்பிட்டாள், வழக்கப்படி அப்பாவைக் கும்பிட்டாள். “எப்பா, நான் கீழத்தெரு தங்கதுரையக் கட்டிக்கிடப் போறேன்” என்றாள்.

மேலத்தெருவில் ஒரு சின்னச் சலசலப்பு. சித்தப்பா முறைக்காரன் ஒருத்தன் முன்னால் பாய்ந்தான். சிவனணைந்த பெருமாள் கையை நீட்டி அவனைத் தடுத்தார். மகள் பக்கத்தில் போய் அவள் தலையைத் தடவினார். அவர் குரலில் ஒரு துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

“ஏட்டி, நான் உன்னிய ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். நம்ம வம்சத்துல பொம்பளப் புள்ளையக் கைநீட்டுன ஆளே கெடையாது. வடிவாச்சி ஆத்தா என்ன செஞ்சா? ஒருத்தருக்கும் தலைகுனிவு வரக் கூடாதுன்னு யாரும் சொல்லாமலே நடந்தா. நீயும் அதே ரத்தந்தான. உனக்குத் தெரியாதா?”

அவருக்குப் பின்னால் நின்ற மேலத்தெருப் பெண்கள் குலவை போட்டார்கள்.

அது கல்யாணத்துக்குப் போடுகிற குலவை. அவர்களில் ஒருத்திக்குக்கூட அந்தப் பெண் மேல் பகையில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள். ஒருத்தி ஓடிப்போய் வடிவாச்சிக்குப் போட்டிருந்த மாலையை எடுத்து வந்து ஆவுடை கழுத்தில் போட்டாள். அவள் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

நான் செம்பைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன். மாலையைப் பிய்த்துப் போட்டேன். “அறிவு இருக்காய்யா உங்களுக்கு? பெத்த பொண்ணுய்யா!” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் குழப்பமாகப் பார்த்தார். “நான் என்ன செஞ்சேன்? தொடக்கூட இல்லியே” என்றார். ஆவுடையின் கையைப் பிடித்து இழுத்தேன். லிங்கக்கனியைத் தோளில் தட்டி எழுப்பினேன். “வண்டிய எடுட்டி!” என்றேன். கிறக்கம் முழுசாகத் தெளியாத கண்ணோடு அவள் ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினாள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, துரத்தவும் இல்லை. வழிவிட்டு நின்றார்கள்.

ஊர் எல்லை தாண்டி உப்பளத்துக்கு நடுவே போகிற சாலைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தங்கதுரை டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகவும், அங்கிருந்து நேராக ரிஜிஸ்டர் ஆபீஸ் என்றும் லிங்கக்கனி போனில் பேசி முடித்தாள். ஷாகிராவுக்குச் செய்தி போட்டேன், நடந்ததை அப்படியே. வழக்கு போடுவேன், சாட்சிக்கு நீ வர வேண்டும் என்று எழுதினேன். வருகிறேன் அக்கா என்று உடனே பதில் வந்தது. காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குள் ஒரு திமிர்கூட வந்தது. ஆவுடை என் தோளில் சாய்ந்திருந்தாள். அழவில்லை.

“யக்கா” என்றாள்.

“சொல்லும்மா.”

“அப்பா அப்பிடி ஒண்ணும் தப்பாச் சொல்லலியே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏட்டி, கேளு. அவளைத் தள்ளுனாவ. கூடப் பொறந்தவனுவ ரெண்டு பேரும் சேந்து, சுண்ணாம்பு பாக்க வான்னு ஏமாத்திக் கூட்டிட்டுப் போயி, தள்ளுனாவ. அவ போட்ட சத்தம் கடல்ல வலை போட்டவனுக்கெல்லாம் கேட்டுச்சு. அவ பட்டும் உடுத்தல, பூவும் வைக்கல. சாகணும்னே அவளுக்கு இல்லட்டி! அவ வாழணும்னு நெனச்சவ! உன்னிய மாதிரி!”

“ஆமாட்டி, ஆமா!” என்று லிங்கக்கனி வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிச் சொன்னாள். “எம்மேல வந்து எத்தன தடவ அழுதிருக்கா. எனக்குத் தெரியாதா?”

ஆவுடை நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, ஒரு விசேஷத்துக்கு வராமல் போனவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவோமே, அந்த மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதுக்கா. நான் போயிருக்கேம்லா” என்றாள். “உள்ள சூடே இல்ல.”